உங்கள் உடம்புக்கு அளவெடுத்து ஒரு சைக்கிள்! ஃப்ரேம் 'தைக்கும்' கைவினைஞர்களின் கதை

குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று இங்கே உண்டு. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக வளைத்து, அப்பாவின் பெரிய சைக்கிளை அரைப் பெடலிலேயே தெருமுனை வரை ஓட்டிக் காட்டியவர்கள் ஏராளம். சைக்கிள் பெரியது, ஓட்டுபவர் சிறியவர். ஆகவே வளைந்துகொடுக்க வேண்டியது ஓட்டுபவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

வளர்ந்த பிறகும் கதை பெரிதாக மாறுவதில்லை. கடையில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என மூன்று நான்கு சைஸ்கள் இருக்கும். ஆனால், ஒரே உயரமுள்ள இரண்டு பேரை நிறுத்திப் பாருங்கள். ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு இடுப்புக்கு மேலே நீளமாக இருக்கும். கை நீளமும் தோள் அகலமும்கூட ஆளுக்கு ஆள் மாறும். இருவருக்கும் ஒரே சைக்கிளைக் கொடுத்தால், ஒருவருக்காவது கழுத்து பிடித்துக்கொள்ளும், முழங்கால் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். 'எனக்கு சைக்கிள் ஒத்துக்காது' என்று அதை மூலையில் நிறுத்திவிடுபவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது சைக்கிள் அல்ல, அதன் அளவு.

சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் டெய்லரிடம் அளவு கொடுப்பதுபோல, சைக்கிளுக்கும் அளவு கொடுத்துச் செய்துகொள்ள முடியுமா? முடியும். இத்தாலி, ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா எனப் பல நாடுகளில் சின்னப் பட்டறைகளில் இந்த வேலை இன்றும் நடக்கிறது. வரும் ஆளை அளந்து, அவருக்கு மட்டுமேயான ஃப்ரேமை ஒரே கைவினைஞர் முதல் குழாயிலிருந்து கடைசிப் பற்றவைப்பு வரை செய்து தருகிறார்.

மைதானத்துக்கு அடியில் ஒரு 'டெய்லர்'

இத்தாலியின் மிலான் நகரில் விகோரெல்லி என்ற சைக்கிள் பந்தய மைதானம் இருக்கிறது. 1935-ல் திறக்கப்பட்டது. அதன் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே ஒரு பட்டறை. அங்கே ஃப்ரேம் செய்துகொண்டிருந்தவர் ஃபலியேரோ மாசி. பந்தய வீரராக இருந்து கைவினைஞராக மாறியவர். இத்தாலியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'இல் சார்த்தோ'. நம் மொழியில் சொன்னால், டெய்லர்.

பெயர் பொருத்தமானதுதான். பெரிய பெரிய வீரர்கள் அவரிடம் ஃப்ரேம் செய்துகொண்டார்கள். ஆனால், ரேஸில் அந்த சைக்கிள்களைப் பார்த்தவர்களுக்கு மாசியின் பெயர் தெரியாது. வீரர் எந்த கம்பெனியின் அணியில் இருக்கிறாரோ, அந்த கம்பெனியின் ஸ்டிக்கர்தான் ஃப்ரேமில் இருக்கும். அந்தக் காலத்தில் இது சகஜம். கம்பெனி கொடுக்கும் சைக்கிள் உடம்புக்குச் சரிப்படாவிட்டால், வீரர் தனக்குப் பிடித்த பட்டறையில் ரகசியமாக ஒன்று செய்து, அதற்கு கம்பெனியின் பெயின்ட் அடித்து ஓட்டுவார். ஜெயித்தால் பெயர் கம்பெனிக்கு. செய்தவருக்குக் கூலியும், விஷயம் தெரிந்தவர்களிடம் மரியாதையும். மாசி 2000-ல் காலமானார். அவருடைய மகன் ஆல்பர்ட்டோ அதே மைதானத்தில் அந்தத் தொழிலைத் தொடர்ந்தார்.

சாம்பியனின் இடுப்பு வலி

அளவு என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எடி மெர்க்ஸைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இவர், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர்.

1969 ஜூலையில் முதல் டூர் டி பிரான்ஸை வென்றார். அடுத்த செப்டம்பரில் பிரான்ஸின் ப்ளுவா நகர மைதானத்தில் பயங்கர விபத்து. அவருக்கு முன்னால் வேகம் கொடுத்துக்கொண்டு மோட்டார் வண்டி ஓட்டியவர் இறந்துபோனார். மெர்க்ஸ் பிழைத்தார். ஆனால், இடுப்பெலும்பு நகர்ந்துவிட்டது. அதன்பிறகும் அவர் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால், மலைப்பாதைகளில் தான் பழைய ஆளாக இருக்கவே இல்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வலி இல்லாத ஓர் உட்காரும் நிலையைத் தேடுவதே அவருக்கு வேலையாகிப்போனது. ரேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ஆலன் கீயை எடுத்து சீட்டை ஏற்றி இறக்குவார். பட்டறைகளில் ஃப்ரேம் மேல் ஃப்ரேமாகச் செய்யச் சொல்வார். மாசி செய்து கொடுத்திருக்கிறார். எர்னெஸ்டோ கொல்னாகோ செய்து கொடுத்திருக்கிறார். உகோ டி ரோசாவும் செய்து கொடுத்திருக்கிறார். 1972 அக்டோபர் 25-ம் தேதி மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தபோது அவர் உட்கார்ந்திருந்தது, கொல்னாகோ அவருக்காகவே செய்த சைக்கிள். எடை 6 கிலோவுக்கும் குறைவு.

ஓய்வு பெற்ற பிறகு 1980-ல் மெர்க்ஸ் சொந்தமாக சைக்கிள் தொழிற்சாலை தொடங்கினார். அவருடைய தொழிலாளர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க வந்தவர், அவருக்கு ஃப்ரேம் செய்துகொடுத்த அதே உகோ டி ரோசா.

முதலில் பேச்சு, பிறகுதான் டேப்

சரி, ஒருவர் இப்படிப்பட்ட பட்டறையில் ஆர்டர் கொடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

எடுத்த எடுப்பில் டேப்பை எடுக்க மாட்டார்கள். முதலில் கேள்விகள். எங்கே ஓட்டப் போகிறீர்கள்? நல்ல ரோடா, மண் ரோடா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? பின்னால் மூட்டை ஏற்றுவீர்களா? பழைய எலும்பு முறிவு ஏதும் உண்டா? இப்போது ஓட்டும் சைக்கிளில் எங்கே வலிக்கிறது? குனிந்து கால் விரலைத் தொட முடியுமா? டாக்டரிடம் போனதுபோல இருக்கும்.

அதன்பிறகு அளவு. செருப்பில்லாமல் நின்று, இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, அங்கிருந்து தரை வரை உள்நீளம். இடுப்பிலிருந்து தோள். தோளிலிருந்து கைப்பிடி. தொடை எலும்பின் நீளம், பாதத்தின் அளவு, உடல் எடை. சில பட்டறைகளில் நீளம், உயரம் எல்லாவற்றையும் இழுத்துச் சுருக்கக்கூடிய, ஓடாத சைக்கிள் ஒன்று இருக்கும். அதில் உட்காரவைத்து, பெடல் மிதிக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக மாற்றுவார்கள்.

இந்த எண்கள் எல்லாம் ஒரு வரைபடமாக மாறும். இதில் சின்ன மாற்றம்கூட உடம்புக்குத் தெரியும். உதாரணமாக, சீட்டைத் தாங்கும் குழாயின் சாய்வை ஒரே ஒரு டிகிரி மாற்றினால், சீட் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாக முன்னே பின்னே நகர்ந்துவிடும். தொடை நீளமானவருக்கு அந்த ஒரு சென்டிமீட்டர்தான் முழங்கால் வலிக்கும் நிம்மதிக்கும் இடையிலான தூரம்.

ஆணி செய்த குடும்பம் கண்டுபிடித்த குழாய்

அடுத்தது குழாய் தேர்வு. இந்தப் பட்டறைகளில் பெரும்பாலும் ஸ்டீல்தான். 'இந்தக் காலத்தில் கார்பன் ஃபைபர் வந்துவிட்டதே?' என்று கேட்கலாம். கார்பன் ஃப்ரேமை வழக்கமாக அச்சில் வார்ப்பார்கள். ஒவ்வொரு சைஸுக்கும் தனி அச்சு வேண்டும், அச்சு செய்ய ஏகப்பட்ட செலவாகும். ஸ்டீலுக்கு அந்தப் பிரச்னை இல்லை. குழாயை எந்த நீளத்துக்கு வேண்டுமானாலும் வெட்டலாம், எந்தக் கோணத்திலும் சேர்க்கலாம். ஒரே ஓர் ஆளுக்காக ஒரே ஒரு ஃப்ரேம் செய்ய இதைவிட வசதி வேறில்லை.

ஆனால், அது சாதாரண ஸ்டீல் குழாய் அல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆணி தயாரித்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ், 1897-ல் ஒரு குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வெளியே பார்த்தால் ஒரே பருமன். உள்ளே மட்டும் இரண்டு முனைகளிலும் தடிமன் அதிகம், நடுவில் மெலிசு. குழாய்கள் சேரும் இடத்தில்தான் பலம் வேண்டும், நடுவில் வீண் எடை எதற்கு என்ற எளிய யோசனை. இன்றைய நல்ல குழாய்களில் நடுப்பகுதியின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். 1935-ல் வந்த 'ரெனால்ட்ஸ் 531' குழாய், பல பத்தாண்டுகள் பந்தய சைக்கிள்களின் முதுகெலும்பாக இருந்தது. இத்தாலியில் இதற்குப் போட்டி, 1919-ல் மிலானில் தொடங்கிய கொலம்பஸ்.

ரெனால்ட்ஸுக்கும் சென்னைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1928-ல் அந்த கம்பெனி பிரிட்டனின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. அதே குழுமம்தான் 1949-ல் முருகப்பா குடும்பத்தினருடன் கூட்டுச் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் ஊர் ஊராகப் போனது அப்படித்தான். ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். ஒரு கிளை, மூட்டை ஏற்றினாலும் அசையாத சைக்கிளை எல்லோருக்கும் கொடுத்தது. இன்னொரு கிளை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்யும் பட்டறைகளுக்குக் குழாய் கொடுத்தது.

நெருப்பும் வெங்காரமும்

வெட்டுவதிலிருந்து உண்மையான கைவேலை தொடங்குகிறது. ஓர் உருண்டைக் குழாய் இன்னோர் உருண்டைக் குழாயோடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். அதற்காகக் குழாயின் முனையை மீனின் வாய்போல வளைவாகக் குடைவார்கள். மெஷின் வெட்டினாலும், கடைசிப் பொருத்தத்தைக் கையில் அரம் பிடித்துத்தான் சரிபார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது.

பிறகு குழாய்களை 'ஜிக்' எனப்படும் இரும்புச் சட்டத்தில் கோணம் மாறாமல் பூட்டுவார்கள். அடுத்தது பற்றவைப்பு. இதில் ஸ்டீலையே உருக்கிச் சேர்ப்பதில்லை. பித்தளை அல்லது வெள்ளி கலந்த கம்பியை உருக்கி, குழாய்க்கும் மூட்டுக்கும் நடுவிலுள்ள நூலளவு இடைவெளியில் ஓடவிடுகிறார்கள். நகைப் பட்டறையில் ஆசாரி பொடி வைத்து ஊதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெங்காரம்கூட உண்டு. பித்தளைப் பற்றவைப்பில் சூடு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். வெள்ளி என்றால் சுமார் 700 டிகிரி போதும். சூடு குறைந்தால் பித்தளை உள்ளே ஓடாது, மூட்டு பிற்பாடு விட்டுப்போகும். சூடு மிஞ்சினால் மெல்லிய குழாயின் பலம் போய்விடும். ஸ்டீலின் நிறம் சிவந்துவரும் விதத்தைக் கண்ணால் பார்த்துத்தான் கைவினைஞர் முடிவெடுக்கிறார். இந்தக் கண் பழக எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.

ஆறிய பிறகு அரத்தால் மூட்டுகளைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஃப்ரேம் கோணியிருக்கிறதா என்று சமதளப் பலகையில் வைத்து அளப்பார்கள். கடைசியில் பெயின்ட். இத்தாலியின் டாரியோ பெகோரெட்டி இந்த பெயின்ட்டுக்காகவே பேசப்பட்டவர். பல ஆண்டுகள் மற்றவர்களின் ஸ்டிக்கர் ஒட்டிய ஃப்ரேம்களை வீரர்களுக்குச் செய்துகொடுத்தவர், பிறகு சொந்தப் பெயரில் புகழ்பெற்றார். 'பெயின்ட்டை உங்கள் இஷ்டத்துக்கு விடுகிறேன்' என்று அவரிடம் ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு. தங்கள் சைக்கிள் எந்த நிறத்தில் வரும் என்பது வந்து சேரும்வரை அவர்களுக்கே தெரியாது. பெகோரெட்டி 2018-ல், 62 வயதில் காலமானார்.

ஜப்பானில் தொழிலைக் காப்பாற்றிய பந்தயம்

ஒருவருக்கு ஒன்று என்று செய்யும் தொழில், தொழிற்சாலைகளோடு எப்படிப் போட்டிபோட முடியும்? பல நாடுகளில் முடியவில்லை. ஜப்பானில் மட்டும் ஒரு விசித்திரமான பாதுகாப்பு கிடைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல், ஜப்பானின் கோகுரா நகரில் 'கெய்ரின்' என்ற சைக்கிள் பந்தயம் தொடங்கியது. மக்கள் பணம் கட்டும் பந்தயம். அதில் வரும் வருமானம் உள்ளாட்சிகளுக்குப் போகும். பணம் விளையாடும் இடம் என்பதால் விதிகள் கறார். உபகரணத்தால் ஒருவர் ஜெயித்துவிட்டார் என்ற பேச்சே வரக் கூடாது. ஆகவே, ஆண்களின் வழக்கமான கெய்ரின் பந்தயங்களில் இன்றும் ஸ்டீல் ஃப்ரேம்தான். அதையும் அங்கீகாரம் பெற்ற பட்டறைகள்தான் செய்ய வேண்டும். உதிரிபாகங்களில் 'என்ஜேஎஸ்' முத்திரை இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி என்றான பிறகு, வீரருக்கு மிச்சமிருக்கும் ஒரே சுதந்திரம் அளவுதான். அதனால் அவர்கள் தங்கள் உடம்புக்கேற்ப பட்டறையில் ஆர்டர் கொடுக்கிறார்கள். விதியின் புண்ணியத்தில் பட்டறைகளும் பிழைத்துக் கிடக்கின்றன.

அந்தப் பட்டறைக்காரர்களில் ஒருவர் யோஷியாகி நாகசாவா. 1970-களில் இத்தாலிக்குப் போய், உகோ டி ரோசா உள்ளிட்டவர்களிடம் வேலை கற்று, ஊர் திரும்பி, ஒசாகா பகுதியில் பட்டறை போட்டார். அவருடைய ஃப்ரேமில் ஓட்டிய கெய்ரின் வீரர் கோய்ச்சி நகானோ, 1977 முதல் 1986 வரை தொடர்ச்சியாக 10 ஆண்டுகள் உலக ஸ்பிரின்ட் சாம்பியன். மெர்க்ஸுக்கு அளவெடுத்த கைகளிடம் கற்ற வித்தை, ஜப்பானிய வீரரின் கால்களுக்கு வந்து சேர்ந்தது.

பெண்களுக்கு யார் அளவெடுத்தார்கள்?

இதுவரை வந்த பெயர்கள் எல்லாம் ஆண்கள். சைக்கிளை வடிவமைத்தவர்களும் ஆண்கள், அவர்கள் மனதில் வைத்திருந்த உடம்பும் ஆணின் உடம்பு. 'லேடீஸ் சைக்கிள்' என்று ஒன்று இருந்ததே என்றால், அதில் பாரை வளைத்துத் தாழ்த்தியது பாவாடைக்காக. அந்தப் பெண்ணின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டு அல்ல.

இதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்காவின் ஜார்ஜினா டெரி. நியூயார்க் மாகாணத்தின் ராசெஸ்டரைச் சேர்ந்த மெக்கானிக்கல் இன்ஜினீயர். ஃப்ரேம் செய்யும் ஆர்வத்தில், வீட்டின் கீழ்த்தளத்தில் பற்றவைத்துப் பழகினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் சைக்கிள் வலியை அவரிடம் சொல்லத் தொடங்கினார்கள். குறிப்பாக, உயரம் குறைந்த பெண்கள். கடையில் கிடைக்கும் மிகச் சின்ன ஃப்ரேமிலும் அவர்கள் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தது. கம்பெனிகள் ஃப்ரேமின் உயரத்தைக் குறைத்தனவே தவிர, நீளத்தைப் போதுமான அளவு குறைக்கவில்லை. குறைத்தால், திரும்பும்போது முன்சக்கரம் காலில் இடிக்கும்.

டெரி கண்ட தீர்வு பார்க்க வேடிக்கையாக இருக்கும். பின்சக்கரத்தை வழக்கமான சைஸில் விட்டுவிட்டு, முன்சக்கரத்தை மட்டும் 24 இன்ச் ஆக்கினார். முன்சக்கரம் சிறியதானதும், ஹேண்டில்பாரை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவர இடம் கிடைத்துவிட்டது. 1985-ல் கம்பெனி தொடங்கினார். பெண்களின் உடம்பை வைத்து சைக்கிள் வடிவமைப்பது ஒரு தனித் துறையாக வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 'என் உடம்பில்தான் ஏதோ குறை' என்று நினைத்திருந்த பெண்களுக்கு, குறை ஃப்ரேமில்தான் என்று ஒருவர் செய்து காட்டியது சின்ன விஷயம் அல்ல.

எல்லோருக்கும் இது தேவையா?

தேவையில்லை என்பதுதான் நேர்மையான பதில். பட்டறையில் செய்யும் ஃப்ரேமின் விலை, வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கான டாலர்கள். சக்கரம், பிரேக் எல்லாம் தனி. கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும், பெயர்பெற்றவர்களிடம் ஆண்டுக்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டும். சராசரி உடல்வாகு உள்ளவருக்குக் கடையில் சரியான சைஸைத் தேர்ந்தெடுத்து, சீட்டையும் ஹேண்டில்பாரையும் சரிசெய்தாலே போதும். மிக உயரமானவர்கள், மிகக் குள்ளமானவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள், இரண்டு கால்களும் ஒரே நீளமில்லாதவர்கள், நாள் முழுக்க சைக்கிளிலேயே இருப்பவர்கள்... இவர்களுக்குத்தான் பட்டறை உண்மையிலேயே வரம்.

ஆனால், அந்தப் பட்டறைகளின் அடிப்படைப் பாடம் எல்லோருக்கும் இலவசம். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு ஒன்று இருக்கிறது. மேலே சொன்னபடி புத்தகம் வைத்துக் காலின் உள்நீளத்தை அளந்து, 0.883-ஆல் பெருக்குங்கள். உள்நீளம் 80 சென்டிமீட்டர் என்றால், விடை 70.6. பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் குழாயை ஒட்டிய உயரம் அதுதான். இது ரேஸ் வீரர்களின் கணக்கு என்பதால், டிராஃபிக்கில் அடிக்கடி காலை ஊன்றுபவர்கள் ஓரிரு சென்டிமீட்டர் குறைத்துத் தொடங்கலாம். சரிதானா என்று பார்க்க, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழ்ப் பெடலில் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முழங்கால் நன்றாக மடங்கியிருந்தால் சீட் தாழ்வு. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் சீட் உயரம்.

தேவை ஒரு டேப், ஒரு ஸ்பேனர், பத்து நிமிடம். வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கும் சைக்கிளை விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்கள், அதற்கு முன் இந்த ஒரு வேலையை மட்டும் செய்து பார்க்கலாம்.